ஒட்சியேற்ற எதிரிக் குளிசைகள் இதயத்தைக் காக்குமா?

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர்களின் பயணப் பொதிகளில் சொக்கலேற், வாசனைத் திரவியம் ஆகியவற்றோடு விற்றமின் குளிசைப் போத்தல்களும் இடம்பெறுவது வழமையாகிவிட்டது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருவோராயினும் சரி, வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோராயினும் சரி, வீட்டிலுள்ள வயதான பெற்றோருக்கு 'இதயத்துக்கு நல்லது' என்று கூறி அவற்றைக் கையளிக்கின்றனர். இது அன்பின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், போத்தலின் மேல் ஒட்சியேற்ற எதிரி எனப் பொறிக்கப்பட்டிருக்கும் இக்குளிசைகள் உண்மையில் இதய நோயைத் தடுக்கின்றனவா என்ற வினாவை எம்மில் எத்தனை பேர் எழுப்பியிருப்போம்?

இவ்வினாவைச் சிறியதென ஒதுக்கிவிட முடியாது. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு இதய நோய் பல ஆண்டுகளாக முதன்மைக் காரணமாக இருந்துவருகின்றது. அத்தகைய ஒரு நாட்டில், பயனற்ற ஒன்றைப் பயனுள்ளதென நம்பி மக்கள் பணத்தைச் செலவிடுவது ஒரு பாதிப்பு. அந்த நம்பிக்கையில் பயனுள்ள மருந்தைக் கைவிடுவது அதனிலும் பெரிய பாதிப்பு. மருத்துவ உலகம் இலட்சக்கணக்கான மனிதர்களைக் கொண்டு ஆய்வுகளை நடத்தி இவ்வினாவுக்கு விடை கண்டுள்ளது. அவ்விடை எவ்வாறு பெறப்பட்டது என்பதை அறிந்துகொள்வது, விடையை அறிந்துகொள்வதைப் போலவே அவசியமானது என நாம் கருதுகின்றோம்.

முதலில் ஒட்சியேற்றம் என்பது யாதென நோக்குவோம். இரும்பு துருப்பிடிப்பதும், வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும், நாட்பட்ட தேங்காயெண்ணெய் காறுவதும் ஒட்சியேற்றத்தின் விளைவுகளே. எமது உயிரைத் தாங்கி நிற்கும் அதே ஒட்சிசன், உடலினுள் சக்தியைப் பிறப்பிக்கும்போது சுயாதீன மூலிகங்கள் எனப்படும் நிலையற்ற துகள்களையும் தோற்றுவிக்கின்றது. சோடியற்ற இலத்திரனைக் கொண்ட இத்துகள்கள், அருகிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து இலத்திரனைப் பறித்து அவற்றைச் சேதப்படுத்துகின்றன. முதுமையே இச்சேதத்தின் திரட்சிதான் என்ற கருத்தை அமெரிக்க விஞ்ஞானியான டென்ஹாம் ஹார்மன் 1956 ஆம் ஆண்டில் முன்வைத்தார். தமது இலத்திரனை வழங்கி இத்துகள்களைச் சாந்தப்படுத்தும் பொருட்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் ஈ, விற்றமின் சீ, கரட் முதலியவற்றுக்கு நிறமூட்டும் பீற்றா கரோட்டின் ஆகியன இவற்றுள் பெயர் பெற்றவை.

இக்கருத்து இதய நோயோடு எவ்வாறு தொடர்புபட்டது? எல்.டி.எல். எனப்படும் தீய கொலஸ்திரோல் குருதியில் மிகுவதால் நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிகின்றது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால், வெறும் எல்.டி.எல். அன்றி, ஒட்சியேற்றப்பட்ட எல்.டி.எல். தான் நாடிச்சுவரிலுள்ள விழுங்கும் கலங்களால் அளவின்றி உள்ளெடுக்கப்பட்டு, அவற்றை நுரைபோன்ற கொழுப்புக் கலங்களாக மாற்றுகின்றது என்ற விளக்கம் 1980 களில் வலுப்பெற்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டானியல் ஸ்ரைன்பேர்க் தலைமையிலான குழுவினர் 1989 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் இது பற்றி எழுதிய கட்டுரை பெரும் கவனத்தை ஈர்த்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட சம்பத் பார்த்தசாரதியும் ஒருவராவார். கொழுப்பு ஒட்சியேறுவதுதான் தீங்கெனில், அதனைத் தடுக்கும் விற்றமின்களைக் கொடுத்தால் நோயும் தடுக்கப்படுமல்லவா? தர்க்கம் மிக நேர்த்தியாகவே இருந்தது.

இத்தர்க்கத்துக்கு அவதானிப்பு ஆய்வுகளும் துணை நின்றன. 1993 இல் அதே சஞ்சிகையில் ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் இரு கட்டுரைகள் ஒன்றாக வெளியாகின. ஒன்று 87,245 பெண் தாதியரையும் மற்றையது 39,910 ஆண் சுகாதாரத் துறையினரையும் பற்றியது. விற்றமின் ஈ குளிசைகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உட்கொண்டு வந்தோரிடம் இதய நோய் ஏறக்குறைய 40 வீதம் குறைவாகக் காணப்பட்டதாக அவை தெரிவித்தன. பரிசோதனைகளின் முடிவு வரும்வரை பொதுமக்களுக்கு இதனைப் பரிந்துரைப்பது பொருந்தாது என ஆய்வாளர்களே எச்சரித்திருந்தனர். எனினும் எச்சரிக்கையை விட நற்செய்தியே விரைந்து பரவியது. 1996 இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையொன்றும் விற்றமின் ஈ உட்கொண்டோரிடம் உயிராபத்தற்ற மாரடைப்புகள் பெருமளவு குறைந்ததாகக் காட்டியது. அப்பரிசோதனையில் மரணங்கள் குறையவில்லை என்ற உண்மை பலரது கண்ணிற் படவில்லை.

இவ்விடத்தில் அவதானிப்புக்கும் பரிசோதனைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. தாமாக விரும்பி விற்றமின் உட்கொள்வோர் யாவர்? பெரும்பாலும் கல்வியும் வருமானமும் உடையோர், உடல்நலத்தில் அக்கறை கொண்டோர், புகைப்பதைத் தவிர்ப்போர், உடற்பயிற்சி செய்வோர், மரக்கறியும் பழமும் உண்போர். இத்தகையோரிடம் இதய நோய் குறைவாக இருப்பின், அதற்குக் குளிசையா காரணம், அன்றி அவர்களது வாழ்க்கை முறையா? அவதானிப்பு மாத்திரம் இதனைப் பிரித்தறிய உதவாது. இதனைப் பிரித்தறியும் வழி ஒன்றுண்டு. ஒத்த நிலையிலுள்ள பல்லாயிரம் பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உண்மையான குளிசையையும் மறு பிரிவினருக்கு அதனைப் போலவே தோற்றமளிக்கும் வெற்றுக் குளிசையையும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது வைத்தியருக்கோ நோயாளருக்கோ தெரியாதவாறு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதே அவ்வழியாகும்.

அத்தகைய பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரத் தொடங்கியபோது மருத்துவ உலகம் திகைத்தது. பின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரையான, புகைக்கும் பழக்கமுடைய 29,133 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994 இல் வெளியானது. பீற்றா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகரித்திருந்தது. மொத்த மரணங்களும் 8 வீதம் அதிகமாக இருந்தன. அவ்வதிகரிப்பில் நுரையீரல் புற்றுநோயோடு இதய நோய் மரணங்களும் பங்கு கொண்டிருந்தன. அமெரிக்காவில் புகைப்போர், புகைத்தலைக் கைவிட்டோர், அஸ்பெஸ்ரஸ் தொழிலாளர் ஆகிய 18,314 பேரிடம் பீற்றா கரோட்டினையும் விற்றமின் ஏ இனையும் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வு, திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே 1996 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. குளிசை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 28 வீதமும் மரணங்கள் 17 வீதமும் அதிகமாகக் காணப்பட்டமையே காரணம். காப்பதற்கென வழங்கப்பட்ட பொருள் தீங்கிழைத்தது கண்டு அதனைத் தொடர்ந்து வழங்க எந்த மருத்துவரும் துணியமாட்டார் அல்லவா?

இதயத்தைக் காப்பதெனப் போற்றப்பட்ட விற்றமின் ஈ யின் கதை வேறாக அமையவில்லை. கனடாவின் சலீம் யூசுப் தலைமையில் நடைபெற்ற ஹோப் என்ற ஆய்வின் முடிவு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. இதய நோய் ஏற்படும் அபாயம் மிகுந்த 9,541 பேர் ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு 400 சர்வதேச அலகு விற்றமின் ஈ உட்கொண்ட 4,761 பேரில் 772 பேருக்கு மாரடைப்போ, பாரிசவாதமோ, இருதய மரணமோ நேர்ந்தது. வெற்றுக் குளிசை உட்கொண்ட 4,780 பேரில் அவ்வெண்ணிக்கை 739. அதாவது விற்றமின் எந்தப் பயனையும் தரவில்லை. இதே ஆய்வில் இதே நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்ட ரமிப்ரில் என்ற மருந்தோ, இவ்விளைவுகளை 22 வீதத்தால் குறைத்தது. இவ்வாய்வு மேலும் நீடிக்கப்பட்டு, 2005 இல் அதன் முடிவு வெளியானபோது விற்றமின் ஈ பிரிவினரிடம் இதயச் செயலிழப்பு அதிகரித்திருந்தமை தெரியவந்தது.

2002 இல் வெளியான பிரித்தானிய இதயப் பாதுகாப்பு ஆய்வு இன்னும் தெளிவானது. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 20,536 பேரிடம் இரு வினாக்களை ஒரே வேளையில் பரிசோதித்தனர். நாளாந்தம் 600 மில்லிகிராம் விற்றமின் ஈ, 250 மில்லிகிராம் விற்றமின் சீ, 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் உட்கொண்டோருக்கு எந்த நன்மையும் கிட்டவில்லை. விற்றமின் உடலிற் சேரவில்லையோ எனக் கேட்கவும் இடமில்லை. குருதியில் விற்றமின் ஈ யின் அளவு ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அளவு உயர்ந்தது, ஆனால் நோய் குறையவில்லை. அதே மக்களிடம் கொலஸ்திரோலைக் குறைக்கும் சிம்வஸ்ரற்றின் மருந்து மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றை ஏறக்குறைய நான்கிலொரு பங்கு குறைத்தது.

நோயாளரை விட்டு, நலமுடன் உள்ளோருக்காவது பயன் கிட்டுமா என்ற ஐயத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. 39,876 ஆரோக்கியமான அமெரிக்கப் பெண்கள் பத்து ஆண்டுகள் பங்குபற்றிய ஆய்வு 2005 இல் வெளியானது. இருதய நோயால் ஏற்பட்ட மரணங்கள் அதில் குறைந்திருந்தபோதிலும், மாரடைப்போ, பாரிசவாதமோ, மொத்த மரணங்களோ குறையவில்லை. 14,641 ஆண் வைத்தியர்கள் பங்குபற்றி 2008 இல் வெளியான ஆய்வில் விற்றமின் ஈ, விற்றமின் சீ ஆகிய இரண்டுமே இதய நோயைத் தடுக்கவில்லை. அதுமட்டுமன்றி, விற்றமின் ஈ உட்கொண்டோரிடம் மூளையில் குருதி கசிவதால் ஏற்படும் பாரிசவாதம் அதிகரித்திருந்தது. 2011 இல் 35,533 ஆண்கள் பங்குகொண்ட மற்றோர் ஆய்வு, விற்றமின் ஈ உட்கொண்டோரிடம் புரஸ்ரேற் சுரப்பிப் புற்றுநோய் 17 வீதம் அதிகரித்ததைக் காட்டியது.

இவ்வாறான 78 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 296,707 பேரையும் ஒருங்கே ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பீடு 2012 இல் வெளியானது. ஒட்சியேற்ற எதிரிக் குளிசைகள் ஆயுளை நீடிக்கின்றன என்பதற்குச் சான்றில்லை என்றும், பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈ யும் மரணத்தைச் சற்று அதிகரிப்பதாகத் தோன்றுகின்றது என்றும் அது முடிவு கூறியது. 2022 இல் அமெரிக்க நோய்த் தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு, இதய நோயையோ புற்றுநோயையோ தடுக்கும் பொருட்டு இவ்விரண்டையும் உட்கொள்ள வேண்டாமென வெளிப்படையாகவே அறிவுறுத்தியது.

அவ்வாறாயின் அந்த நேர்த்தியான தர்க்கம் ஏன் பொய்த்தது? சுயாதீன மூலிகங்கள் உடலுக்கு முற்றிலும் பகையானவை அல்ல என்பது முதற் காரணம். நோய்க் கிருமிகளை அழிக்க எமது வெண்குருதிக் கலங்கள் அவற்றையே ஆயுதமாகக் கொள்கின்றன. கலங்களிடையே செய்தி பரிமாறுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. 2009 இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வொன்றில், விற்றமின் சீ, ஈ ஆகியவற்றை உட்கொண்டவாறு உடற்பயிற்சி செய்த இளைஞர்களிடம், அப்பயிற்சியால் இன்சுலினின் செயற்றிறனுக்குக் கிடைக்கவேண்டிய நன்மை கிடைக்காமற் போனது. பயிற்சியின்போது உருவாகும் மூலிகங்களே உடலைத் தூண்டி அதன் சொந்தப் பாதுகாப்பை வலுப்படுத்துகின்றன என்பதே அவர்களது விளக்கம். இரண்டாவதாக, இலத்திரனை வழங்கிய விற்றமின் ஈ தானே ஒரு மூலிகமாகின்றது. அதனை மீட்க ஏனைய பொருட்களின் துணை தேவை. ஒன்றை மாத்திரம் அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அச்சமநிலை குலைய இடமுண்டு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய விற்றமின் ஈ 15 மில்லிகிராம் மாத்திரமே. ஆய்வுகளிலும் போத்தல்களிலும் காணப்படும் அளவோ அதன் பத்து மடங்குக்கும் அதிகம். மூன்றாவதாக, உணவு என்பது ஒரு தனி இரசாயனமன்று. வல்லாரையிலும் முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் நெல்லியிலும் நார்ப்பொருளும் பொற்றாசியமும் எண்ணற்ற ஏனைய பொருட்களும் சேர்ந்தே உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துக் குளிசையாக்கினால் கீரையின் பயன் குளிசைக்கு வந்துவிடுமென எதிர்பார்ப்பதற்கில்லை.

விற்றமின்களே வேண்டாதவை என்று நாம் கூறவருவதாக எவரும் கொள்ளலாகாது. குறைபாடு உள்ளோருக்கு விற்றமின் மருந்தேயாகும். கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் போலிக்கமிலம் பிள்ளையின் முள்ளந்தண்டைக் காக்கின்றது. முதுமையில் விழித்திரை பழுதடையும் நோயுள்ள சிலருக்குக் கண் வைத்தியர்கள் சில ஒட்சியேற்ற எதிரிகளைப் பரிந்துரைப்பதும் ஆய்வின் அடிப்படையிலேயே. எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு என்ற மூன்று வினாக்களுக்கும் விடையுள்ள இடத்தில் விற்றமின் பயன் தருகின்றது. இதய நோயைத் தடுத்தல் என்பது அத்தகைய இடமன்று என்பதே சான்றுகள் உணர்த்தும் செய்தி.

சான்றுகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் விற்பனை குறையாதிருப்பதேன் என்ற வினா எழுகின்றது. அமெரிக்காவில் 1994 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இவ்வகைக் குறைநிரப்பிகளை விற்பனைக்கு விடுமுன் அவற்றின் பயனை அரசுக்கு நிரூபிக்கவேண்டிய கடப்பாடு உற்பத்தியாளருக்கு இல்லை. மருந்துக்கு ஒரு நியாயம், குறைநிரப்பிக்கு இன்னொரு நியாயம் என்றாகிவிட்டது. 'இயற்கையானது' என்ற ஒரு சொல்லே மக்களின் ஐயத்தைப் போக்கப் போதுமானதாக உள்ளது. இயற்கையானவை யாவும் தீங்கற்றவை அல்ல என்பதை அலரி விதையை அறிந்த எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை. இன்னொன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். விற்றமின் ஈ குளிசைகள் பலவற்றின் மேலுறை, விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனது. ஹலால் பேணும் முஸ்லிம் மக்களும் மரக்கறி உணவு உண்ணும் இந்துக்களும் இது குறித்து விசாரித்தறிவது நன்று.

எமது நாட்டைப் பொறுத்தவரை இவ்விடயம் கூடுதல் கவனத்துக்குரியது. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதலாவது மாரடைப்பு ஏற்படும் இடைநிலை வயது 53 எனவும், ஏனைய நாடுகளில் அது ஏறக்குறைய 59 எனவும் இன்ரர்ஹார்ட் என்ற சர்வதேச ஆய்வின் தரவுகள் 2007 இல் எடுத்துக்காட்டின. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலேயே எம்மவரை இந்நோய் தாக்குகின்றது. ஹோப் ஆய்வை நடத்திய அதே சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004 இல் வெளியான இவ்வாய்வு, மாரடைப்பு அபாயத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டதை ஒன்பது காரணிகளால் விளக்கிவிடலாம் என்று காட்டியது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், உடலுழைப்பின்மை என்பன அவற்றுள் முதன்மையானவை. நாளாந்தம் பழமும் மரக்கறியும் உண்ணாமையும் அவ்வொன்பதில் ஒன்று.

இக்காரணிகளை வெல்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. புகைத்தலையும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையையும் கைவிடுதல், கருவாடு, ஊறுகாய் வழியாகச் சேரும் உப்பைக் குறைத்தல், தினமும் அரை மணி நேரமேனும் விரைந்து நடத்தல், சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுதல் ஆகியன எவருக்கும் இயலக்கூடியவை. வருடத்துக்கு ஒரு முறையாவது குருதியமுக்கத்தையும் சீனியின் அளவையும் பரிசோதித்துக்கொள்ள அரச வைத்தியசாலைகளில் இலவச வசதியுண்டு. நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு வேண்டிய மருந்துகளும் அங்கு இலவசமாகவே வழங்கப்படுகின்றன. 2022 இல் நாடு டொலர் நெருக்கடிக்குள் சிக்கி அத்தியாவசிய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அக்குளிசைகளின் பெறுமதியை நாம் உணர்ந்தோம். பகட்டான போத்தலில் வராத காரணத்தினாலேயே அவற்றைக் குறைவாக மதிப்பது பேதைமையாகும்.

குருதியமுக்கத்துக்கும் கொலஸ்திரோலுக்கும் வழங்கப்பட்ட மருந்துகளை நிறுத்திவிட்டு விற்றமினில் நம்பிக்கை வைப்பது ஆபத்தானது. நோன்பு, விரத காலங்களிலும் மருந்தை நிறுத்தாமல், உட்கொள்ளும் நேரத்தை மாற்றுவது குறித்து வைத்தியரிடம் ஆலோசனை பெறவேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதிக அளவில் விற்றமின் ஈ யைச் சேர்த்துக்கொண்டால் குருதிப்பெருக்கு அபாயம் கூடும். ஆகையால், வைத்தியரிடம் செல்லும்போது தாம் உட்கொள்ளும் விற்றமின்களையும் மூலிகைக் குளிசைகளையும் மறைக்காது காட்டவேண்டும். வைத்தியர்களும் அது குறித்துக் கடிந்துகொள்ளாது விசாரிக்கவேண்டும். புகைப்பவர் எவரேனும் பீற்றா கரோட்டின் குளிசையை உட்கொண்டு வருவாராயின் அவர் அதனை நிறுத்துவதே நல்லது. புகைத்தலை நிறுத்துவது அதனிலும் நல்லது.

நல்லெண்ணமும் நேர்த்தியான தர்க்கமும் மாத்திரம் ஒரு பொருளை மருந்தாக்கிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஆண்டுக்கணக்காக ஆய்வுகளில் பங்குகொண்டு எமக்கு ஈட்டித்தந்த இவ்வறிவை நாம் அலட்சியம் செய்தல் தகாது. விற்றமின் குளிசைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு குடும்பத்துக்கு மாதக் கணக்கில் கீரையும் பழமும் வாங்கலாம். அவ்வாறு வாங்கி உண்பதும், வழங்கப்பட்ட மருந்தைத் தவறாது உட்கொள்வதுமே இதயத்துக்கு நாம் செய்யக்கூடிய நிச்சயமான நன்மையாகும்.